சிடியா, ஸ்ட்ரீமிங்கா? – இசை கேள்வி பதில்

சென்ற இதழில் பழைய கச்சேரிப் பதிவுகளைப் பற்றி எழுதும்போது, நான் இன்னும் சிடி வாங்குவதை நிறுத்தவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கட்டுரையை விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் பாராட்டி எழுதினார்கள், சிலர் 'எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்' என்று கேட்டார்கள், ஒருவர் தன் வீட்டு சிடி அலமாரியைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். சரி, இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிடுவோம். கர்நாடக இசை கேட்பவர்களும் மேற்கத்திய செவ்வியல் இசை கேட்பவர்களும் கலந்து எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருடைய தலைவலியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

*

ஐயா, சிடியில் இருக்கும் ஒலி மொபைல் ஆப்பில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. என் மகன் 'எல்லாம் உங்கள் பிரமை அப்பா' என்கிறான். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

மகன் பாதி சரி, நீங்கள் பாதி சரி. வீட்டில் சண்டை வரக்கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை, நிலவரமே அதுதான்.

சிடியில் இருப்பது ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதி வைத்த எண்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தால் விநாடிக்கு 1,411 கிலோபிட் வரும். இதில் ஒரு பிட்கூட விட்டுப்போகாமல் சுருக்கி இணையம் வழியாக அனுப்ப முடியும். ஃப்ளாக், ஆப்பிளின் அலாக் எல்லாம் அந்த வகை. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து கூடுதல் கட்டணம் வாங்காமல் இதைக் கொடுக்கிறது. ஸ்பாட்டிஃபை பல வருடம் இழுத்தடித்துவிட்டு 2025 செப்டம்பரில்தான் ஆரம்பித்தது. அந்தத் தரத்தில், அதே மாஸ்டரிலிருந்து, அதாவது அதே மூலப் பதிவிலிருந்து, வந்த ஆல்பத்தைக் கேட்டால் சிடியில் இருக்கும் அதே எண்கள்தான் உங்கள் வீட்டுக்கு வந்து சேருகின்றன. இதுவரை மகன் பக்கம்.

ஆனால் நீங்கள் அப்படிக் கேட்கிறீர்களா என்பது வேறு கேள்வி. பெரும்பாலான ஆப்களில் ஒலித்தரம் 'ஆட்டோ' என்று இருக்கும். சிக்னல் மோசமானால் அதுவாகவே இறங்கிவிடும், உங்களிடம் சொல்லாது. கீழே இறங்கும்போது முதலில் அடிபடுவது என்ன தெரியுமா, தம்பூரா. அந்த ஸ்வரங்களுக்கு மேலே மினுங்குகிற மெல்லிய ஒலிகள் இருக்கின்றனவே, அவை ஈரத்துணியால் துடைத்த மாதிரி மங்கி, 'ஷ்ஷ்' என்று ஒரு சுழற்சி கேட்க ஆரம்பிக்கும். பியானோவுக்கு முந்தைய கட்டைக்கருவியான ஹார்ப்சிகார்டுக்கும் அதே கதி. கைதட்டல் இன்னும் மோசம், தகரக் கூரையில் மழை பெய்வது போல ஆகிவிடும். ஒரு கச்சேரிப் பதிவில் தரம் எப்படி என்று பார்க்க வேண்டுமானால் பாட்டைக் கேட்காதீர்கள், பாட்டு முடிந்ததும் வருகிற கைதட்டலைக் கேளுங்கள்.

320 கிலோபிட் வரை போய்விட்டால் கதை மாறும். அதையும் சிடியையும், எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினால், பெரும்பாலானவர்களால் பிரித்துச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. முடியும் என்று அடித்துச் சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு, அவர்களை நான் சோதித்துப் பார்ப்பதில்லை, நட்பு முக்கியம்.

இன்னொன்று ப்ளூடூத். ஆப் எவ்வளவு தரமாக அனுப்பினாலும் சாதாரண ப்ளூடூத் ஹெட்போனுக்குப் போகும் வழியில் மறுபடியும் சுருக்கப்படுகிறது. இழப்பில்லாத ஒலிக்குச் சந்தா கட்டிவிட்டு ப்ளூடூத்தில் கேட்பவர்கள் ஏராளம். ஒயர் போட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்த அமைப்பை அணைத்து டேட்டாவையாவது மிச்சம் பிடியுங்கள்.

நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால், சிடியைப் பெரிய ஸ்பீக்கரிலும் ஆப்பை மொபைலின் சொந்த ஸ்பீக்கரிலும் கேட்டு ஒப்பிடுகிறீர்கள். அப்புறம் என்ன, சிடிதான் ஜெயிக்கும். அதே ஆம்ப்ளிஃபையரில் மொபைலையும் செருகிக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

*

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறார்களே, அது சிடியைவிட நான்கு மடங்கு நல்லதா?
– சேலம்

இல்லை. மனிதக் காது இளமையில் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், வயது ஏற ஏற இறங்கும். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவீடே 22,000 ஹெர்ட்ஸ் வரை பதிவாக்கிவிடும். பதிவு செய்கிற ஸ்டூடியோவுக்கு 24 பிட் உதவும், கேட்கிற உங்களுக்கு வவ்வால் காது இருந்தால் யோசிக்கலாம்.

*

வயலின் கற்றுக்கொள்கிறேன். மெண்டல்சனின் வயலின் கன்செர்ட்டோவை ஆப்பில் கேட்கும்போது முதல் மூவ்மென்ட்டும் இரண்டாவது மூவ்மென்ட்டும் சேருகிற இடத்தில் ஏதோ வெட்டுப்பட்ட மாதிரி இருக்கிறது. பதிவே அப்படித்தானா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

நல்ல காது உங்களுக்கு. பதிவில் தப்பு இருக்காது, ஆப்பின் அமைப்பில் இருக்கிறது.

அந்த இடத்தில் நடப்பது இது. ஈ மைனரில் முதல் மூவ்மென்ட், அதாவது படைப்பின் முதல் பகுதி, ஆர்ப்பாட்டமாக முடிகிறது. மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் கடைசி கார்டை வாசித்துவிட்டு நிற்கும்போது பசூன் என்ற ஊதுகருவி மட்டும் நிற்காது. அந்தக் கார்டிலிருந்த 'பி' ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும், பிறகு அரை ஸ்வரம் மேலே ஏறி 'சி'க்குப் போகும், அங்கிருந்துதான் இரண்டாவது மூவ்மென்ட்டின் சி மேஜர் கதவு திறக்கிறது. மூவ்மென்ட்டுகளுக்கு நடுவே சபையினர் கைதட்டிக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் மெண்டல்சன் இப்படிக் கோத்து வைத்தார் என்று சொல்வார்கள். சிடியில் இது இரண்டு ட்ராக்காக இருந்தாலும் நடுவில் இடைவெளி கிடையாது. ட்ராக் எண் மட்டும் மாறும், பசூன் மூச்சு விடாமல் ஊதிக்கொண்டிருக்கும்.

ஆப்பில் 'கேப்லெஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை இயக்குங்கள். 'கிராஸ்ஃபேட்' என்று இன்னொன்று இருக்கும், ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை மெதுவாகக் கலப்பது. விருந்துக்கு வந்தவர்கள் நடனமாடுவதற்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம், அணைத்துவிடுங்கள். 'ஷஃபிள்' பற்றி நான் சொல்லவே வேண்டாம். வாக்னரின் 'தாஸ் ரைன்கோல்டு' இரண்டரை மணி நேரம் இடைவேளையே இல்லாமல் ஓடும் ஆபரா. அதை ஷஃபிளில் கேட்டால் கதையில் வரும் மோதிரம் செய்வதற்கு முன்பே திருடு போய்விடும்.

ஒலி அளவைச் சமப்படுத்தும் அமைப்பையும் பாருங்கள். சில ஆப்கள் ஒவ்வொரு ட்ராக்கையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மெதுவாகப் பாட வேண்டியதைத் தூக்கி, ஓங்கி ஒலிக்க வேண்டியதை அமுக்கினால் சிம்பொனியில் மிச்சம் என்ன இருக்கிறது? கர்நாடகத்திலும் இந்த வெட்டு உண்டு. ஆலாபனை ஒரு ட்ராக், வயலின் பதில் இன்னொரு ட்ராக், கிருதி மூன்றாவது ட்ராக் என்று பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். இலவசக் கணக்காக இருந்தால் தோடி ஆலாபனைக்கும் பல்லவிக்கும் நடுவே பல்பொடி விளம்பரம் வந்து நிற்கும்.

*

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி, நடத்துநர் கராயான் என்று தேடினால் ஏகப்பட்டது வருகிறது. எல்லாம் ஒன்றா, வேறு வேறா? வருடமும் குழப்பமாக இருக்கிறது.
– சிங்கப்பூர் வாசகர்

வேறு வேறு. என்னைக் கேட்டால், சிடிக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஒலியில் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பது யார், எப்போது, எங்கே வாசித்தது என்று தெரிகிறதா இல்லையா என்பதில் இருக்கிறது.

ஹெர்பர்ட் ஃபான் கராயான் பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் ஒலித்தட்டுக்காக நான்கு முறை முழுசாகப் பதிவு செய்தார். 1950களில் லண்டனில் ஃபில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒன்று, 1961–62ல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு ஒன்று, 1970களின் பின்பாதியில் அதே பெர்லின்காரர்களோடு இன்னொன்று, சிடி வந்த பிறகு 1980களில் டிஜிட்டலில் மறுபடியும் அவர்களோடேயே. மூன்று பெர்லின், ஒரே நடத்துநர், ஒரே நிறுவனம், டாய்ச்ச கிராமஃபோன். ஆப்பில் மூன்றுக்கும் ஒரே மாதிரி மஞ்சள் முத்திரை போட்ட அட்டை. கீழே எழுதியிருக்கும் வருடமோ பதிவு செய்த வருடமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மறுபதிப்புப் போட்ட வருடமாக இருக்கலாம், தொகுப்பு வெளியிட்ட வருடமாக இருக்கலாம். 2010க்குப் பிறகு வந்தது என்று ஆப் காட்டுகிற கராயானை நான் பார்த்திருக்கிறேன். மனிதர் 1989லேயே காலமாகிவிட்டார்.

சிடியின் பின்னட்டையைத் திருப்பினால் பொடி எழுத்தில் போட்டிருக்கும். 1961–62 பதிவென்றால் பெர்லினில் உள்ள இயேசு கிறிஸ்து தேவாலயம் என்று இடத்தின் பெயரும் இருக்கும், 1970களுடையது ஃபில்ஹார்மோனி அரங்கம். தேவாலயப் பதிவில் அந்தக் கட்டடத்தின் எதிரொலி சேர்ந்து ஒரு சூடு இருக்கிறது. எனக்கு நான்கில் அதுதான் பிடிக்கும்.

வழி இல்லாமல் இல்லை. செவ்வியல் இசைக்கென்றே தனி ஆப்கள் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் இருந்த பிரைம்ஃபோனிக் என்ற நிறுவனத்தை 2021ல் ஆப்பிள் வாங்கி, 2023 மார்ச்சில் ஆப்பிள் மியூசிக் கிளாசிகல் என்று வெளியிட்டது. அதில் ஒரு படைப்பைத் தட்டினால் அதன் பதிவுகள் எல்லாம் நடத்துநர், ஆர்க்கெஸ்ட்ரா பெயரோடு வரிசையாக வரும். சாதாரண ஆப்பில் தேடுவதாக இருந்தால் படைப்பின் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பாஹ் என்றால் பிடபிள்யூவி எண், மோட்சார்ட் என்றால் கே எண், பீத்தோவன் ஐந்தாவது என்றால் ஓபஸ் 67. பெயரைப் போட்டால் 'உறங்குவதற்கு இதமான பீத்தோவன்' என்று எதையாவது காட்டும்.

*

ஐயா, சங்கீத ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்களுக்குப் பழைய பதிவுகளை ஆப்பில் போட்டுக் காட்டும்போது வயலின் யார், மிருதங்கம் யார் என்று கேட்கிறார்கள். எங்குமே போட்டிருப்பதில்லை. இதற்கு யாரிடம் முறையிடுவது?
– மயிலாடுதுறை

முறையிட ஆள் இல்லை அம்மா, நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த ஆப்கள் எல்லாம் பாட்டு, பாடியவர், ஆல்பம் என்ற மூன்று பெட்டிகளை வைத்துக் கட்டப்பட்டவை. சினிமாப் பாட்டுக்கு அது போதும். நம்முடைய கச்சேரிக்கு ராகம் வேண்டும், தாளம் வேண்டும், இயற்றியவர் வேண்டும், பக்கவாத்தியம் வேண்டும். இவற்றுக்குப் பெட்டியே இல்லாததால் எல்லாவற்றையும் பாட்டின் பெயரிலேயே திணிக்கிறார்கள், இல்லையென்றால் விட்டுவிடுகிறார்கள். 'எந்தரோ மகானுபாவுலு' என்று இருக்கும், ஸ்ரீ ராகம் என்று இருக்காது. தியாகராஜர் பெயரை ஆங்கிலத்தில் 'ஹெச்' போட்டு எழுதிய ஆல்பங்கள் ஒரு பக்கம், போடாமல் எழுதியவை இன்னொரு பக்கம், 'ய'வை 'ஐ'யாக்கி எழுதியவை மூன்றாவது பக்கம். ஆப்புக்கு இவர்கள் மூன்று பேர். இயற்றியவர் 'ட்ரெடிஷனல்' என்று போட்டு, பாடியவர் 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று போட்டு, அட்டையில் பிள்ளையார் படம் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். முசிறியா மதுரை மணியா என்று குரலை வைத்துக் கண்டுபிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

சிடியில் உள்ள காகிதத்தில் குறைந்தபட்சம் பக்கவாத்தியப் பெயர்கள் இருக்கும், ராகம், தாளம் இருக்கும். எந்த வருடக் கச்சேரி என்பதை சிடிக்காரர்களிலும் பலர் போடுவதில்லை, அவர்களை நான் நல்லவர்களாக்கவில்லை. கம்பெனிகளைவிட இதை ஒழுங்காகச் செய்திருப்பவர்கள் சங்கீதப்ரியா தளத்தில் சம்பளம் வாங்காமல் உழைக்கும் தன்னார்வலர்கள். பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர் என்று வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். சென்னைக்கு வந்தால் மியூசிக் அகாடமியில் டேக் டிஜிட்டல் ஒலிக்காப்பகம் இருக்கிறது, உட்கார்ந்து கேட்கலாம், பிரதி எடுக்க முடியாது.

மாணவர்களுக்குப் போடுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூட்யூபில் யாரோ ஏற்றிய பழைய பதிவு என்றால் சுருதியை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய டேப் ஓடிய வேகம் தவறியிருந்தால் சுருதி ஏறியோ இறங்கியோ இருக்கும். பதிப்புரிமை வலையில் சிக்காமல் இருக்க வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றிப் போடுகிறவர்களும் உண்டு. அந்தக் குரல் அப்படித்தான் இருந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள், பிருகா என்கிற வேகமான ஸ்வர உருட்டல் எல்லாம் அவசரமாக ஓடும், அதைப் பார்த்து இவர்களும் ஓடுவார்கள்.

*

என் மாமனார் சேர்த்து வைத்த சிடிகள் ஏறக்குறைய 400 இருக்கும், கர்நாடகமும் மேற்கத்தியமும் கலந்து. அவர் இப்போது இல்லை. சின்ன ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறோம். 'எல்லாம்தான் மொபைலில் இருக்கிறதே, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம்' என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை.
– சென்னை, மடிப்பாக்கம்

போடாதீர்கள். மனசு வராதது இருக்கட்டும், எல்லாம் மொபைலில் இருக்கிறது என்பதே சரியில்லை. சபா வாசலில் டிசம்பரில் மேசை போட்டு விற்ற சின்னச் சின்னக் கம்பெனிகளின் கச்சேரி சிடிகள், ஆகாசவாணி தன் காப்பகத்திலிருந்து வெளியிட்டவை, இவற்றில் பல இன்னும் எந்த ஆப்பிலும் ஏறவில்லை. மாமனார் வாங்கியிருந்தால் அவைதான் முதலில் பத்திரப்படுத்த வேண்டியவை.

இடம்தான் பிரச்சினை என்றால் கணினிக்கு மாற்றிவிடுங்கள். சிடி ட்ரைவ் இல்லாத லேப்டாப் என்றால் யூஎஸ்பியில் செருகும் ட்ரைவ் தனியாகக் கிடைக்கும். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, இரண்டும் இலவச மென்பொருள்கள். கீறல் உள்ள இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டு, சரியாக வந்ததா என்று சொல்லிவிடும். ஃப்ளாக் வடிவத்தில் சேமியுங்கள், எம்பி3 வேண்டாம். ஒரு சிடி 300, 350 எம்பி வரும், ஆக 400 சிடியும் சுமார் 140 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஒரு ஹார்ட் டிஸ்க் போதும், ஆனால் இரண்டில் வையுங்கள், இரண்டாவது வேறு வீட்டில் இருக்கட்டும். உங்கள் சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் பிரதிதான் இது. பத்துப் பேருக்குப் போட்டு விற்றால் அது வேறு சமாசாரம்.

மாற்றும்போதே பெயரைச் சரியாக எழுதிவிட வேண்டும். இணையத்திலிருந்து தானாக வரும் பெயர்களை நம்பினால் மயிலாடுதுறை அம்மாவின் கதிதான். பாட்டு, ராகம், தாளம் என்று ஒரு வரியாக எழுதுங்கள், ஆல்பத்தின் பெயரில் பதிவான வருடத்தையும் இடத்தையும் சேருங்கள். உள்ளே இருக்கும் புத்தகத்தை மொபைலில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். சில சிடிகளில் புத்தகம்தான் பொக்கிஷம். ஹைப்பீரியன் கம்பெனி ஷூபர்ட்டின் பாடல்கள் அத்தனையையும் வெளியிட்டபோது, பியானோ வாசித்த கிரஹாம் ஜான்சனே ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதிய குறிப்புகள் ஒரு நூலகத்துக்குச் சமானம். அந்த வரிசை உங்கள் அலமாரியில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

தட்டுகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். 1988லிருந்து 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ தொழிற்சாலையில் அச்சான சிடிகளில் ஒரு பகுதி, ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறிக் கெட்டுப்போகும். அப்படி ஏதாவது இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை ஓட்டைகள் தெரிகிறதா என்றும் பாருங்கள். பளபளக்கும் பக்கத்தில் சின்னக் கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம், பிழை திருத்தும் ஏற்பாடு தட்டிலேயே உண்டு, ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் விட்டுப்போனாலும் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தில் கீறல் விழுந்தால்தான் ஆபத்து, தகவல் இருக்கும் உலோகப் படலம் அந்தப் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. துடைப்பதாக இருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். மாமனார் வீட்டிலேயே பதிவு செய்த, கையால் பெயர் எழுதிய சிடிகள் இருந்தால் அவற்றுக்கு ஆயுள் குறைவு, நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் குறைவு. இன்று ராத்திரியே தொடங்குங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைக்கலாம். கணவர் சம்மதிப்பார்.

*

சிடி 74 நிமிடம் ஓடுவது பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முழுசாகக் கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் என்கிறார்களே, நிஜமா?
– ஈரோடு

கேட்க நன்றாக இருக்கும் கதை. சோனியின் நோரியோ ஓகா இசை பயின்ற பாடகர்; நடத்துநர் ஃபுர்ட்வேங்லர் 1951ல் ஜெர்மனியின் பைராய்ட்டில் நடத்திய ஒன்பதாவது சிம்பொனி சுமார் 74 நிமிடம்; இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சிடியை உருவாக்கிய குழுவில் வேலை செய்த பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க் பிற்காலத்தில் எழுதியது வேறு. பிலிப்ஸின் இசைத்தட்டுக் கம்பெனியான பாலிகிராம் ஜெர்மனியின் ஹனோவரில் 11.5 சென்டிமீட்டர் தட்டுக்கு ஆலையைத் தயாராக வைத்திருந்தது, 12 சென்டிமீட்டர் என்று முடிவானால் பிலிப்ஸுக்கு அந்த முன்னிலை போய்விடும், சோனி பின்தங்காது. வியாபாரம்தான். இதில் வேடிக்கை, ஆரம்பத்தில் மாஸ்டர் எடுக்கப் பயன்பட்ட வீடியோ டேப்பில் 72 நிமிடம்தான் கொள்ளும், ஆக அந்த 74 நிமிட ஒன்பதாவது ஒரே தட்டில் வந்திருக்கவே முடியாது.

*

நேற்று வரை என் பட்டியலில் இருந்த ஆல்பம் இன்று சாம்பல் நிறமாகி நிற்கிறது. டவுன்லோடு செய்து வைத்ததும் ஓடவில்லை. நான் காசு கட்டுகிறேனே!
– கொழும்பு

காசு கேட்பதற்குத்தான் கட்டுகிறீர்கள், வைத்துக்கொள்வதற்கு இல்லை. பதிவின் உரிமை வேறு கம்பெனிக்குக் கைமாறினால், அல்லது உங்கள் நாட்டுக்கான ஒப்பந்தம் முடிந்தால், ஆல்பம் மறைந்துவிடும். டவுன்லோடு என்று ஆப் சொல்வதும் பூட்டுப் போட்ட கோப்புதான், சாவி அவர்களிடம். எதிர்த்திசையிலும் நடக்கும்: ஹைப்பீரியன் பல வருடம் ஸ்ட்ரீமிங் பக்கமே வர மாட்டேன் என்று இருந்தது, 2023ல் யுனிவர்சல் அதை வாங்கியதும் அந்த ஜூலையிலிருந்து ஆல்பங்கள் வர ஆரம்பித்தன. ஜெர்மனியின் ஈசிஎம் கம்பெனியும் 2017 நவம்பர் வரை அப்படித்தான் இருந்தது. எந்தப் பதிவு இல்லாமல் உங்களால் இருக்க முடியாதோ, அதை மட்டும் சிடியாகவோ பூட்டில்லாத கோப்பாகவோ விலைக்கு வாங்கிவிடுங்கள். அப்படிப்பட்டவை யாருக்கும் நிறைய இருக்காது.

*

எதில் கேட்டால் கலைஞருக்கு அதிகம் போகும்?
– திருச்சி, ஸ்ரீரங்கம்

கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிப் போனால்.

பதிவுகளில் என்றால், ஸ்ட்ரீமிங் கணக்கு நம் இசைக்கு ஒத்துவராதது. ஸ்பாட்டிஃபையில் ஒரு ட்ராக்கை 30 விநாடி கேட்டால் ஒரு தடவை என்று எண்ணுவார்கள். மூன்று நிமிட சினிமாப் பாட்டும் ஒன்று, 45 நிமிட ராகம் தானம் பல்லவியும் ஒன்று. அதே நேரத்தில் சினிமாப் பாட்டுகள் பதினைந்து ஓடிவிடும். அதனால்தான் சில கம்பெனிகள் பல்லவியைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன, கோபப்பட்டும் பயனில்லை. 2024லிருந்து, 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத ட்ராக்குக்கு அங்கே ஒன்றுமே கிடையாது. இளம் நாகஸ்வரக்காரர் ஒருவரின் விரிவான காம்போதி ராகம் அந்த எண்ணிக்கையைத் தொடுவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். சிடி விற்றால் முழுக்கக் கலைஞருக்குப் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள், ஒரே தொகையாகக் கொடுத்துக் கணக்கை முடித்த ஒப்பந்தங்களும் உண்டு. கச்சேரி முடிந்ததும் கலைஞரே கையில் வைத்து விற்கிறார் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள்.

*

சிடி பிளேயர் ரிப்பேர். புதிது வாங்க வேண்டுமா?
– மதுரை

பரணில் பழைய டிவிடி பிளேயர் இருக்கும், பாருங்கள். பெரும்பாலானவை சிடியை வாசிக்கும். பின்னால் ஆரஞ்சு நிறக் கோஆக்சியல் துளையோ ஆப்டிகல் துளையோ இருந்தால் அதிலிருந்து டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் 'டேக்' என்ற சின்னக் கருவி வழியாக ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுங்கள், விலை உயர்ந்த பிளேயருக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். பழைய பிளேயர் 'நோ டிஸ்க்' என்று சொன்னால் பெரும்பாலும் லென்ஸில் தூசிதான். தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள்.

*

எனக்கு 18 வயது. எங்கள் வீட்டில் சிடியே இல்லை. மேற்கத்திய செவ்வியல் இசை கேட்க ஆசை. சிடி வாங்கித்தான் தொடங்க வேண்டுமா சார்?
– திருநெல்வேலி

வேண்டவே வேண்டாம் தம்பி. ஸ்ட்ரீமிங் கண்டுபிடிக்கப்பட்டதே உங்களுக்காகத்தான். எங்கள் வயதில் ஒரு படைப்புக்கு ஒரு பதிவு கையில் கிடைத்தாலே பெரிது, இரண்டாவது பதிவை ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் பணக்காரர்கள் வேலை.

ஆனால் ஆப் கொடுக்கும் ரெடிமேட் பட்டியலில் தொடங்காதீர்கள், அது எல்லாவற்றிலும் மெதுவான மூவ்மென்ட்டை மட்டும் உருவி எடுத்துக் கோத்து வைத்திருக்கும். ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாஹின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்', பிடபிள்யூவி 988, பியானோ க்ளென் கூல்டு. அவர் இதை ஸ்டூடியோவில் இரண்டு முறை பதிவு செய்தார், 1955ல் 22 வயதில் ஒரு முறை, இறப்பதற்கு முந்தைய வருடமான 1981ல் இன்னொரு முறை. முதலாவது சுமார் 38 நிமிடத்தில் பறந்து முடிந்துவிடும், இரண்டாவது 51 நிமிடம். தொடக்கத்தில் வரும் ஆரியாவை மட்டும் இரண்டிலும் கேளுங்கள். முன்னதில் இரண்டு நிமிடம்கூட ஆகாது, பின்னதில் மூன்று நிமிடம். ஸ்வரங்கள் அதேதான், மனிதரும் அதே மனிதர்தான். ஹெட்போனில் கேட்டால் அவர் வாசித்துக்கொண்டே முனகுவதும் கேட்கும், பயந்துவிடாதீர்கள், ஆப்பில் கோளாறு இல்லை.

ஆட்டோப்ளேயை அணைத்துவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் கடைசி ஸ்வரம் அடங்குவதற்குள் குத்துப்பாட்டு ஒன்று குதித்துவிடும். இரண்டில் எது பிடித்தது என்று எழுதுங்கள்.